மூட்டு எப்போது இறுக வேண்டும்?

முழங்கையை மடக்கி, கையை முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். யாரோ அதைத் தட்டிவிடப் போகிறார். எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. இப்போது இன்னொரு கையால் மேற்கையைத் தொட்டுப் பாருங்கள். மடக்கும் தசை, நீட்டும் தசை இரண்டுமே கெட்டியாகியிருக்கும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் கை அசையவில்லை, ஆனால் மூட்டு இறுகிவிட்டது.

தட்டிய பிறகு இறுக்கினால் போதாதா? போதாது. தசை இழுபட்டதை அதிலுள்ள உணர்விகள் தண்டுவடத்துக்குச் சொல்லி, பதில் திரும்பி வரவே கையில் சுமார் 25 மில்லி வினாடி ஆகிறது. நாமாக நினைத்துச் செய்வதற்கு 100 மில்லி வினாடிக்கும் மேல். அதுவரை தாக்குப்பிடிப்பது, மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களும் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் தசையும்தான். தசைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. பிடி கூடக் கூட எதிர்ப்பும் கூடும். இதற்குத் தாமதமே கிடையாது.

சரி, அப்படியானால் கணுக்காலை இறுக்கி வைத்தாலே விழாமல் நிற்கலாமே? அப்படித்தான் சிலர் கருதினார்கள். 2002இல் இயன் லோரம், மார்ட்டின் லேக்கி என்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, விழாமல் நிற்கத் தேவையான விறைப்பில், அதாவது அசைவுக்குக் கணுக்கால் காட்ட வேண்டிய எதிர்ப்பில், சுமார் 91 சதவீதம்தான் இருந்தது. மிச்சம் கொஞ்சம்தானே என்று விட முடியாது, அது இல்லாவிட்டால் உடல் மெல்ல முன்னால் சாய்ந்து விழுந்துவிடும். காரணம் குதிகால் தசைநாண். கெண்டைக்கால் தசை எவ்வளவு இறுகினாலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் அந்த நாண் ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கிறது. அதனால் உடல் முன்னால் சாயும்போது கெண்டைக்கால் தசை நீளுவதில்லை, சுருங்குகிறது! நரம்பு மண்டலம் வினாடிக்கு இரண்டு மூன்று தடவை அதைச் சின்னச் சின்னதாக இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கிறது. சும்மா நிற்பது என்று ஒன்று இல்லவே இல்லை.

நகரத் தொடங்கினால் கணக்கே மாறுகிறது. இழைகளின் பிடி கழன்று விறைப்பு குறைகிறது. தசை இழுபட்டதும் தண்டுவடம் தானாக அனுப்பும் பதில், அதாவது கெண்டைக்காலின் தண்டுவட அனிச்சையும், நிற்கும்போது இருப்பதைவிட நடக்கும்போது குறைவு, ஓடும்போது இன்னும் குறைவு.

புது வேலையைக் கற்கும்போது நாம் எல்லாத் தசையையும் இறுக்கிக்கொள்கிறோம், சீக்கிரமே களைத்தும் போகிறோம். பழகப் பழக அது தளர்கிறது. ஆனால் முழுவதும் தளர்வதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2001இல் எட்டியன் பர்டே என்ற ஆய்வாளரின் குழுவினர், சோதனைக்கு வந்தவர்களிடம், கையைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் ஒரு ரோபோவைப் பிடித்தபடி நேராகக் கையை நீட்டச் சொன்னார்கள். முதலில் தடுமாறியவர்கள் போகப்போக நேர்கோட்டில் நகர்த்தினார்கள். அப்புறம் அளந்தால், கையின் விறைப்பு பக்கவாட்டில் நன்றாகக் கூடியிருந்தது; முன்பின் திசையில் அப்படிக் கூடவில்லை.