நேரலை எத்தனை மணிக்கு? கூட்டல் கழித்தல் ஏன் காலை வாரிவிடுகிறது

இணையத்தில் ஒரு நேரலை உரை. அறிவிப்பில் "2026 மார்ச் 12, வியாழன், இரவு 7 மணி, நியூயார்க் நேரம்" என்று போட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் ஒருவர் இதைப் பார்க்கிறார். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்பது அவருக்கு மனப்பாடம், அதனால் 7-உடன் 5-ஐக் கூட்டி நள்ளிரவு 12 மணிக்குக் கணினி முன் உட்காருகிறார், பார்த்தால் உரை தொடங்கியே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கூட்டலில் பிழை இல்லை. அந்த 5-தான் அன்றைக்குச் செல்லாது.

ஏன் செல்லாது? பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கிறது, அந்தக் கணக்குப்படி உலகத்தை 24 சம பட்டைகளாகப் பிரித்துவிட்டால் எல்லாம் முழு மணி வித்தியாசமாக அழகாக வந்துவிடும். 1884-ல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு கிரீனிச் வழியாகப் போகும் தீர்க்கரேகையைப் பூஜ்யமாக ஏற்றுக்கொண்டதால், எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வியும் தீர்ந்தது. ஆனால் ஒரு ஊரின் கடிகாரம் எத்தனை மணி காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது சூரியன் இல்லை, அரசாங்கம். சீனா அத்தனை அகலத்துக்கும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 5 மணி 30 நிமிடம் முன்னால், நேபாளம் 5 மணி 45 நிமிடம். பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாட்டி நாட்டின் லைன் தீவுகள் 14 மணி நேரம் முன்னால், ஹவாய் 10 மணி நேரம் பின்னால். இரண்டு இடங்களிலும் கடிகாரம் எப்போதும் ஒரே மணியைத்தான் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் தள்ளி இருக்கும்.

இந்த "முன்னால், பின்னால்" எல்லாம் எதை வைத்து? யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்தை வைத்து. அணுக் கடிகாரங்களைக் கொண்டு பராமரிக்கப்படும் இதற்குக் கோடை, குளிர் எதுவும் கிடையாது. (கோடையில் லண்டன் நேரமும் யு.டி.சி.யும் ஒன்று இல்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அதனால் ஊருக்கு ஊர் நேராகத் தாவாமல் யு.டி.சி. வழியாகப் போவதுதான் பாதுகாப்பு. மேலே சொன்ன உரையையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 12 அன்று நியூயார்க் யு.டி.சி.க்கு 4 மணி நேரம் பின்னால், ஆக இரவு 7 என்பது யு.டி.சி. 23:00. லண்டன் இன்னும் குளிர்கால நேரத்தில் இருக்கிறது, அங்கேயும் 23:00, அதாவது இரவு 11. கொழும்பில் 5:30 கூட்டினால் 28:30, 24-ஐத் தாண்டிவிட்டதால் அது வெள்ளிக்கிழமை அதிகாலை 4:30. சிட்னியில் 11 கூட்டி வெள்ளி காலை 10. தேதி மாறுவதை விட்டுவிடுவது மணியைத் தவறவிடுவதைவிட மோசம், ஒரு முழு நாளே போய்விடும்.

சரி, அந்த 5 எப்படி 4 ஆனது? அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள் (இதைத்தான் கோடை நேரம் என்கிறார்கள், இலையுதிர் காலத்தில் திரும்பப் பின்னே இழுத்துவிடுவார்கள்), ஐரோப்பாவிலோ மார்ச்சின் கடைசி ஞாயிறு அன்றுதான். நடுவில் வரும் இரண்டு மூன்று வாரங்கள் வித்தியாசம் ஒரு மணி நேரம் சுருங்கிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு, அங்கே ஒரு வாரம் இதே கதை. தென் அரைக்கோளத்தில் எல்லாம் தலைகீழ். வாராவாரம் சனிக்கிழமை லண்டன் நேரம் காலை 8 மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது என்று வையுங்கள். சிட்னியில் இருப்பவருக்கு 2026 மார்ச் 28 அன்று அது இரவு 7 மணி. மறுநாள் பிரிட்டன் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால் ஏப்ரல் 4 அன்று மாலை 6. அதற்கு மறுநாள் சிட்னி பின்னே இழுப்பதால் ஏப்ரல் 11 அன்று மாலை 5. நடத்துபவர் ஒரு நிமிடம்கூட மாற்றவில்லை, அடுத்தடுத்த மூன்று வாரம் மூன்று வெவ்வேறு நேரம்! கடிகாரத்தையே மாற்றாத நாட்டில் இருப்பவர்களும் தப்ப முடியாது, எதிர்ப்பக்கம் மாறினால் வித்தியாசம் மாறத்தானே செய்யும்.

அப்புறம் இந்தச் சுருக்கெழுத்துகள். என்னைக் கேட்டால் அறிவிப்புகளில் இவற்றை அடியோடு விட்டுவிடலாம். ஐ.எஸ்.டி. என்றால் இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? சி.எஸ்.டி. சீனாவுக்கும் உண்டு, அமெரிக்காவின் மத்தியப் பகுதிக்கும் உண்டு, இரண்டுக்கும் நடுவே 14 மணி நேரம். ஜூலை மாதத்தில் ஈ.எஸ்.டி. (நியூயார்க்கின் குளிர்கால நேரம்) என்று எழுதுபவர் பெரும்பாலும் ஈ.டி.டி.யைத்தான் (அதன் கோடை நேரம்) நினைத்திருப்பார், எழுத்துப்படி போனால் ஒரு மணி நேரம் தப்பிவிடும். "வெள்ளி நள்ளிரவு 12" என்பதும் இதே ரகம்தான், வெள்ளி தொடங்கும்போதா முடியும்போதா என்று யாருக்கும் தெரியாது. 23:59 என்று எழுதினால் சந்தேகமே வராது.

செல்பேசியும் கணினியும் இதையெல்லாம் சரியாகக் கணக்கிடுவதற்குக் காரணம், 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்த ஒரு தரவுத்தளம். எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து, எந்த விதியைப் பின்பற்றியது என்று அதில் பதிந்திருக்கிறது, ஒரு நாடு விதியை மாற்றும்போதெல்லாம் திருத்துகிறார்கள். "ஆசியா/கொழும்பு", "ஐரோப்பா/லண்டன்" என்று ஊர் பெயரால்தான் அதில் தேட முடியும், காரணம் விதி ஊரோடு ஒட்டிக்கொண்டது, எண்ணோடு இல்லை. நாடுகள் மாற்றத்தான் செய்கின்றன. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தைக் கடைசி நேரத்தில் தள்ளிவைக்க, பலர் அதை ஏற்க மறுக்க, சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது.

மெக்சிகோ 2022 அக்டோபரில் பெரும்பாலான பகுதிகளில் கோடை நேரத்தையே கைவிட்டது. அதற்கு முன்பே ஒருவர் 2023 ஜூலையில் மெக்சிகோ நகர நேரம் இரவு 7 மணிக்கு ஒரு நேரலையைக் குறித்து, யு.டி.சி.யாக மட்டும் சேமித்து வைத்திருந்தால், அது தானாகவே மாலை 6 மணியாகியிருக்கும். அதனால் வெகுநாள் கழித்து வரும் நிகழ்ச்சிக்கு ஊர், அந்த ஊரின் நேரம், தேதி மூன்றையும் காலண்டரில் போட்டு வையுங்கள், அறிவிப்பு எழுதுகிறவர் நீங்களாக இருந்தால் பக்கத்தில் யு.டி.சி.யையும் சேர்த்துவிடுங்கள். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் நடக்கிற எதுவாக இருந்தாலும் முந்தின நாள் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.