'மனநோய் எதிர்ப்பு மருந்து' எதை எதிர்க்கிறது?

ஆன்டிசைக்காடிக் (இல்லாத குரல் கேட்பது போன்றவற்றுக்குக் கொடுக்கும் மருந்து) என்பதற்கு 'மனநோய் எதிர்ப்பு மருந்து' என்று போட்ட இன்னொரு கையேடு போன வாரம் கைக்கு வந்தது. மனச்சோர்வும் மனநோய்தான், பதற்ற நோயும் மனநோய்தான், அப்புறம் இது எதை எதிர்க்கிறதாம்? அதைப் படித்த என் அத்தை, தான் மனச்சோர்வுக்குப் போடும் மாத்திரையும் மகன் காதில் குரல் கேட்பதற்குப் போடும் மாத்திரையும் ஒன்றுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

கிரேக்கத்தில் சைக்கி என்றால் உயிர், மனம். அதிலிருந்து சைக்கோசிஸ், 1840களில் ஜெர்மன் மொழி மருத்துவர்கள் புழங்கவிட்டது. 1952இல் பாரிசில் டிலே, டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் இவ்வகையின் முதல் மருந்தான குளோர்புரோமசைனைக் கொடுத்துப் பார்த்தார்கள்; பிறகு அவர்கள் வைத்த பெயர் நியூரோலெப்டிக். சரி, அது போகட்டும்.

சைக்கோசிஸ் என்பது எது நிஜம் என்ற பிடி நழுவுவது. உளப்பிறழ்வு என்றால் பொருந்துகிறது. சிலர் 'மனச்சிதைவு எதிர்ப்பி' என்கிறார்கள். மனச்சிதைவு ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மட்டுமான பெயர், இந்த மருந்துகளையோ இருமுனைக் கோளாறின் மிகையெழுச்சிக்கும் கொடுக்கிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது 'எதிர்ப்பி'. நுண்ணுயிர் எதிர்ப்பி என்றால் சரி, எதிர்க்க அங்கே ஒரு கிருமி இருக்கிறது. இங்கே மருந்து பெரும்பாலும் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளை அடைத்துக் குரலையும் சந்தேகத்தையும் அடக்குகிறது, பலருக்கு நிறுத்தினால் திரும்பி வருகிறது. ஆகவே தணிப்பி. உளப்பிறழ்வுத் தணிப்பி. நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை.

இதைவிடக் கொடுமை, இந்த மருந்துகளில் 'ஏடிப்பிகல்' (atypical, பழைய வகையில் சேராத) வகையை 'அசாதாரண மருந்துகள்' என்பது. எந்தத் தாய் பிள்ளைக்கு அசாதாரண மருந்து கொடுப்பாள்? ஹாலோபெரிடால் போன்ற பழையவை அளவுக்கு விறைப்பும் நடுக்கமும் தராதவை என்பதுதான் விஷயம். இரண்டாம் தலைமுறை என்றால் போதும். அதற்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல: ஓலன்சபைனில் எடை ஏறும், ரிஸ்பெரிடோனில் மாதவிடாய் தள்ளிப்போகலாம், குளோசபைன் மற்ற மருந்துகளில் குறைந்தது இரண்டு பலிக்காமல் போனால்தான், அதற்கும் வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டுத் தேர்வு செய்யத்தானே கையேடு?

அதே கையேட்டில் 'எக்ஸ்ட்ராபிரமிடல்' (விறைப்பு, நடுக்கம் போன்ற அசைவுப் பக்கவிளைவுகள்) என்பதைக் 'கூடுதல் பிரமிடு விளைவுகள்' என்று எழுதியிருந்தார்கள். எகிப்துக்குப் போகவேண்டியதில்லை, ஐயா. அதில் ஒன்றான அகதீசியாவுக்குக் கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை' என்று பொருள். அரிபிப்ரசோல் என்ற இன்னொரு இரண்டாம் தலைமுறை மருந்து தொடங்கிய புதிதில் அத்தை மகன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தபோது அத்தை தானாகச் சொன்னார்: "பிள்ளைக்கு இருப்புக் கொள்ளலை."