கணக்கு முடிந்த பிறகுதான் பிறக்கிறோம்

"பிறக்கும்போது என் எடை 1.9 கிலோவாம். இப்போது வயது 36. மூன்று மாதமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். உடம்பு பருமனும் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் இந்தத் தொல்லையும் இல்லை. அந்த எடைக்கும் இந்த அழுத்தத்துக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்கலாம். அப்படியொரு சம்பந்தம் உண்டு என்பது வெளிச்சத்துக்கு வந்ததே சில பழைய பேரேடுகளால்தான்.

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷரில் 1911 முதல் ஓர் ஏற்பாடு இருந்தது. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி எடை பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு வயதில் செவிலியர் மறுபடி நிறுத்து, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். எந்த ஆராய்ச்சியையும் மனதில் வைத்து அவர்கள் எழுதவில்லை. சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கரும் குழுவினரும் 1980களில் இந்தப் பேரேடுகளைப் பிடித்து, அதிலிருந்த குழந்தைகள் பிற்பாடு எதனால் இறந்தார்கள் என்று தேடிப் போனார்கள். 1989இல் முடிவு வந்தது. 5,654 ஆண்களில், பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களுக்கே இதய நோய்ச் சாவு அதிகம். கொழுப்பையும் சிகரெட்டையும் மட்டுமே குற்றம் சொல்லிப் பழகிய மருத்துவ உலகம் இதை லேசில் நம்பவில்லை.

"பிறக்கும் குழந்தைகளையெல்லாம் நிறுத்து எழுதி, எழுபது வருஷம் பத்திரமாக வைக்கப்போகிறேன்" என்று இன்று யாராவது ஆய்வு நிதி கேட்டால் கிடைக்குமா? மூன்று வருஷத்தில் முடிவைக் காட்டு என்பார்கள். சரி, அந்த எரிச்சல் இருக்கட்டும்.

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்ததும், அப்போது கருவிலிருந்தவர்களுக்குப் பின்னாளில் நோய்கள் கூடியதும் பலர் அறிந்ததே. அதில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: எந்த மாதத்தில் பட்டினி விழுந்தது என்பதைப் பொறுத்து நோய் மாறியது. எந்த உறுப்பு அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்ததோ அதன் மேல் அடி விழுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் சிறுநீரகம்.

ஒரு சிறுநீரகத்தில், ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 10 லட்சம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தச் 'சுமார்' கொஞ்சம் அநியாயமானது. எண்ணிப் பார்த்தால் ஒருவருக்கு 2 லட்சம், இன்னொருவருக்கு 20 லட்சத்துக்கும் மேல். கருவின் 36ஆவது வாரத்தோடு உற்பத்தி நின்றுவிடும். அப்புறம் ஆயுசுக்கும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும், பிறந்த பிறகும் சில வாரம் வேலை நடக்கும்.

தொடக்கத்தில் ஒரு சின்னக் குழாயிலிருந்து மொட்டு ஒன்று கிளம்பும். பக்கத்துத் திசு ஒரு புரதத்தைக் கசியவிட்டு அதைத் தன் பக்கம் இழுக்கும். உள்ளே நுழைந்த மொட்டின் நுனி இரண்டாகப் பிரியும், பிரிந்தது மறுபடி பிரியும், மரம் கிளைவிடுவதுபோல. ஒவ்வொரு நுனிக்கும் தொப்பி போட்ட மாதிரி ஒரு கொத்து மூலச் செல்கள் உட்கார்ந்திருக்கும். நுனியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்டு அவற்றில் சில கழன்று, உருண்டு, நீண்டு, வளைந்து நெஃப்ரான் ஆகும். மற்றவை தங்களையே பெருக்கிக்கொண்டு அங்கேயே இருக்கும். விதைநெல்லை ஒதுக்கிவைப்பது மாதிரி. இந்தச் சமநிலை பல வாரம் நீடிக்கும். கடைசியில் ஒரு நாள் விதைநெல்லையும் உலையில் போட்டுவிடுகிறார்கள்: மிச்சமிருந்த மூலச் செல்கள் மொத்தமும் நெஃப்ரானாக மாறித் தீர்ந்துபோகின்றன. இனி விதைக்க ஒன்றுமில்லை.

பாதிக்கும் மேற்பட்ட நெஃப்ரான்கள் கடைசி மூன்று மாதத்தில் உருவாகின்றன. அந்தச் சமயத்தில் நஞ்சுக்கொடி வழியே ஆக்சிஜனும் சத்தும் சரியாக வராவிட்டால், சிசு ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். கழிவை வெளியேற்றும் வேலையை நஞ்சுக்கொடியே பார்த்துக்கொள்வதால் வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பெரிய அவசரமில்லை. அதன் பங்கில்தான் முதலில் கை வைக்கப்படும்.

இறந்தவர்களின் சிறுநீரகங்களில் எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் 2,57,000 நெஃப்ரான் கூடுதல். அதே ஆண்டு ஜெர்மனியில், விபத்தில் இறந்த 20 பேரை ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் இருந்த 10 பேருக்கு ஏறக்குறைய 7 லட்சம், இல்லாத 10 பேருக்கு 14 லட்சம். சரிபாதி!

ஆள் குறைந்தாலும் வேலை குறையாது. நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டியாக வேண்டும். இருக்கிற நெஃப்ரான் ஒவ்வொன்றும் வீங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, கூடுதலாக உழைக்கும். உப்பை வெளியே தள்ளவும் உடம்பு ரத்த அழுத்தத்தை உயர்த்தவேண்டிவரும். வருஷக்கணக்கில் இப்படி உழைத்த சில நெஃப்ரான்கள் தழும்பேறிச் சாகும். அவற்றின் சுமை மிச்சமிருப்பவற்றின் தலையில் விழும். 1988இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னரும் சகாக்களும் முன்வைத்த கருத்து இது.

அப்படியானால் ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. அவர்கள் பல சோதனைகளில் தேறி, வளர்ந்து முடிந்த பிறகு கொடுப்பவர்கள். எடை குறைந்து பிறந்தவரோ முதல் நாளிலிருந்தே குறைந்த கையிருப்போடு, பல மடங்கு வளரும் உடம்பைச் சமாளிக்கவேண்டும். அதோடு, எண்ணிக்கை மட்டுமே நோயைத் தீர்மானிப்பதுமில்லை. 3.5 கிலோவில் பிறந்தவருக்கும் ரத்த அழுத்தம் வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் அம்மாவைக் கேள்வி கேட்கக் கிளம்பவேண்டாம். நஞ்சுக்கொடிக் கோளாறு, தொற்று, இரட்டைக் கரு என்று எடை குறையக் காரணங்கள் பல, பெரும்பாலானவை அவர் கையில் இல்லாதவை. கருவிலேயே பிள்ளையை மேதையாக்குகிறோம் என்று பாட்டுக் கேட்கச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

வாசகருக்கு: உங்கள் பிறப்பு எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள். பலர் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொல்லவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவும் எவ்வளவு என்று பாருங்கள். உப்பைக் குறையுங்கள். வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள். உங்களிடம் எத்தனை நெஃப்ரான் இருக்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். நான் மேலே சொன்ன எண்ணிக்கைகளெல்லாம், சிறுநீரகத்தை வெளியே எடுத்து மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் எண்ணியவை. நீங்கள் அவசரப்படவேண்டாம்.