பேட்ஜைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பையன் என் பட்டறைக்கு ஒரு ஸ்னேர் டிரம்மை (அடித்தோலின் கீழ் கம்பிகள் படிந்திருக்கும் டிரம்) கொண்டுவந்தான். சிகாகோவின் லட்விக் கம்பெனி அறுபதுகளில் செய்த சூப்ராஃபோனிக் மாடல் என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள். உறையைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, லக்குகளை (தோலை இறுக்கும் ராட் என்ற திருகுகள் மாட்டும் பிடிகளை) எண்ணியது. எட்டு. சூப்ராஃபோனிக் 400க்குப் பத்து இருக்கும்.

அவன் கையில் இருந்தது ஆக்ரோலைட் என்ற வேறு மாடல். அதே கம்பெனி, அதே சிகாகோ, நடுவில் புடைப்புக் கோடு ஓடும் அதே அலுமினிய ஷெல் (டிரம்மின் உடல்). ஆனால் குரோம் பூச்சு கிடையாது, விலையும் குறைவு. மோசமான டிரம் இல்லை. எனக்குச் சூப்ராஃபோனிக்கைவிட அதுதான் பிடிக்கும். அவன் கொடுத்த விலைதான் தப்பு.

அவனை ஏமாற்றியது பேட்ஜ், அதாவது ஷெல்லின் பக்கத்தில் பொருத்திய கம்பெனித் தகடு. மேலே அகன்று கீழே குறுகும் 'கீஸ்டோன்' பேட்ஜ் இருந்தால் அறுபதுகள் என்று எல்லோருக்கும் தெரியும். சுமார் 1970 முதல் நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த பேட்ஜ் வந்தது. ஆனால் பேட்ஜைக் கழற்றி வேறொரு ஷெல்லில் மாட்ட அரை மணி நேரம் போதும். அதிலுள்ள வரிசை எண்ணையும் ரொம்ப நம்பாதீர்கள். தொழிற்சாலையில் பேட்ஜ்களை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. அதனால் எண் காட்டும் வருடம் தோராயமானதுதான்.

ஷெல் என்ன உலோகம் என்று பார்க்க ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையா அலுமினியமா என்பதை எடை சொல்லிவிடும்; பித்தளை கையை இழுக்கும். 'பித்தளை ஷெல்' என்று சொல்லி விற்கும் டிரம்மில் குரோமுக்கு அடியிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தால், அது அலுமினியம்.

அலுமினியத்தின் மேல் குரோம் சரியாகப் பிடிக்காது. வியர்வையும் ஈரக்காற்றும் உள்ளே இறங்கி, புள்ளி புள்ளியாகக் கொப்பளித்து உரியும். பழைய சூப்ராஃபோனிக் பலவற்றில் இதைப் பார்க்கலாம். சத்தம் பெரிதாக மாறாது. விலையைக் குறைக்க நல்ல காரணம், அவ்வளவுதான். உரிந்த விளிம்பு கையைக் கிழிக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

சத்தத்தைக் கெடுப்பது ஷெல்லின் வட்டம் கெடுவதுதான். ஹெட்டை, அதாவது தோலை, கழற்றி, அளவு நாடாவால் மூன்று நான்கு திசைகளில் குறுக்களவு எடுங்கள். புது 14 அங்குல ஹெட் அழுத்தாமல் உட்கார்ந்து, விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும். அப்புறம் ஷெல்லைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை வைத்து, அறை விளக்கை அணையுங்கள். விளிம்பு எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கே வெளிச்சம் கசியும். கீழ் விளிம்பில் மட்டும் எதிரெதிரே இரண்டு பள்ளங்கள் தெரியும். அவை ஸ்னேர் கம்பிகள் படிவதற்காக வேண்டுமென்றே செய்தவை. ஒருவர் அதைக் குறை என்று நினைத்து அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திக் கொண்டுவந்தார். என்ன சொல்வது!

உள்பக்கம் சும்மா கிடக்கும் துளை ஏதாவது இருந்தால் த்ரோ-ஆஃபை (ஸ்னேர் கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் பாகம்) யாரோ மாற்றியிருக்கலாம். ஹெட், கம்பி, ராட் எல்லாம் கடையில் கிடைக்கும், அவை பழசாக இருந்தால் கவலை வேண்டாம்.

இங்கிலாந்தின் பிரீமியர் டிரம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அறுபதுகளின் பிற்பகுதி வரை அவர்களுடைய ஷெல் அமெரிக்க அளவைவிடச் சற்றுப் பெரியது. இன்றைய ஹெட் இறங்காது, இறங்கினாலும் இறுகிக்கொள்ளும். அளவு சொல்லித் தனியாக வரவழைக்க வேண்டியிருக்கும்.

தூரத்திலிருந்து வாங்குவதென்றால், இரண்டு ஹெட்டையும் கழற்றி உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பையனும் இதைக் கேட்டிருக்கிறான். "சாவி இல்லை தம்பி" என்று பதில் வந்திருக்கிறது. ராட்களைத் திருகும் டிரம் சாவி இல்லாமல் யார் டிரம் வைத்திருப்பார்கள்?