மூன்று அங்குலத் துளைக்கு ஒரு ஏக்கர் பாதை

சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால், பூமிக்கடியில் கனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் துளை போடுவார்கள். வைரத்துகள் பதித்த முனை சுழன்று இறங்க, பாறை உருளை உருளையாக மேலே வரும். பரவலாகப் புழங்கும் ஓர் அளவில் துளையின் விட்டம் சுமார் 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். சிமென்ட் ஊற்றி அடைத்துவிட்டால் துளை போட்ட இடமே தெரியாது. ஆனால் துளை போடும் ரிக் இயந்திரமும் தண்ணீர் லாரியும் அங்கே போய்ச் சேர வேண்டுமே! 4 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் மண் பாதை என்றால் 4,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மலைச்சரிவில் வெட்டினால், வெட்டிய சரிவும் தள்ளிய மண்ணும் சேர்ந்து இன்னும் அகலும்.

வடசென்னையில் சுரங்கம் கிடையாது. ஆனாலும் இந்தப் பாதை எண்ணூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கொசஸ்தலை ஆற்றின் கழிவெளிக்குள், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்புப் பரப்புக்குள், மின்கோபுரம் நடவேண்டுமா, குழாய் பதிக்கவேண்டுமா, மண் பரிசோதனைக்கு போர் போடவேண்டுமா, எதுவானாலும் முதலில் வருவது சவுடு ஏற்றிய டிப்பர் லாரிதான். பெயர் என்னவோ தற்காலிகப் பாதை. வேலை முடிந்த பிறகும் அது அங்கேயே கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

முதல் அடி மண்ணுக்கு. நல்ல மண்ணின் கனஅளவில் ஏறத்தாழ பாதி, காற்றும் நீரும் இருக்கும் இடைவெளி. அதிலும் மண்புழு போன வழி, மக்கிய வேர் விட்டுச்சென்ற குழல் போன்ற பெரிய துளைகள்தான் மழையைச் சட்டென்று உள்ளே இழுப்பவை. லாரிச் சக்கரம் ஏறினால் முதலில் நசுங்குவதும் அவைதான். உதிரியான புட்டை உருண்டை பிடித்த மாதிரி: அதே மாவு, அதே எடை, இடைவெளி மட்டும் போயிருக்கும். கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அளவில் இருந்த மண் 1.6-ஐத் தாண்டினால் பெரும்பாலான வேர்கள் திணறும். களிமண்ணில் அதற்கு முன்பே. இறுகலில் பெரும்பங்கு முதல் சில நடையிலேயே நடந்துவிடுகிறது. மண் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். ஆகவே "ரெண்டே ரெண்டு நடைதான் சார்" என்ற சமாதானம் செல்லாது.

பழைய பாதையில் கடப்பாரையால் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாருங்கள். பருக்கை பருக்கையாக உதிராது. தட்டுத் தட்டாகப் பிரியும். உள்ளே வேர் இருந்தால், கீழே இறங்க வழியில்லாமல் தட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் படர்ந்து சப்பையாகக் கிடக்கும்.

உள்ளே போக முடியாத மழைநீர் மேலே ஓடும். சக்கரத் தடம் அதற்கு வாய்க்கால். மலைப்பாதையில் இன்னொன்றும் நடக்கிறது. மண்ணுக்கடியில் மெதுவாகக் கசிந்து ஓடைக்குப் போக வேண்டிய நீரை வெட்டுச்சரிவு வழியிலேயே வெளியில் இழுத்து, பக்கக் கால்வாயில் விட்டுவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மலைக்காடுகளில் 1996-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பாதை நீளத்தில் பாதிக்கு மேல் இப்படி ஓடைகளோடு இணைந்திருந்தது. பாதையே ஓடையின் கிளையாகிவிட்டது என்று சொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 1984-ல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது: லாரிகள் ஓயாமல் ஓடும் ஜல்லிப் பாதை, கைவிடப்பட்ட பாதையைப்போல 130 மடங்கு வண்டலை அனுப்பியது. சக்கரம் ஜல்லியை அரைத்து மாவாக்குகிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. அடுத்த லாரி மறுபடி அரைக்கிறது.

கழுவிப் போன மண் எங்கே படியும் என்பதை அதன் பருமன் தீர்மானிக்கிறது. அசையாத நீரில் 0.05 மில்லிமீட்டர் துகள் ஒரு மீட்டர் இறங்க ஏழெட்டு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்குச் சுமார் மூன்று நாள். மலையோடை கலங்கினால் கீழே வெகுதூரம் கலங்கலாகவே ஓடுவது இதனால்தான். ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் கதை வேறு. களித்துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. உப்புநீர் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்து, விரைவாக இறங்கும். ஆக எண்ணூரில் பாதையிலிருந்து கரைந்த மண் கடலுக்குப் போய்த் தொலையாமல் பெரும்பாலும் பக்கத்திலேயே படியும். அதாவது இறால் குஞ்சும் நண்டும் வளரும் சேற்றின்மேல், கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள்மேல்.

என்னைக் கேட்டால், எண்ணூரில் இதைவிடப் பெரிய சேதம் ஓட்டம் அடைபடுவது. பாதைக்கடியில் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டிருக்கிறோம், தண்ணீர் போகும் என்பார்கள். ஒரு கணக்குக்கு, 100 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள கால்வாய் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 100 சதுர மீட்டர். 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள பைப் நான்கு போட்டால் கிடைப்பது இரண்டரைச் சதுர மீட்டர், நாற்பதில் ஒரு பங்கு. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் வாயில் செருகிக்கொண்டால் அதுவும் இல்லை.

சென்னைக் கரையில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. பெரிய ஓத நாளிலேயே ஏற்றம் ஒரு மீட்டர் அளவுதான். இவ்வளவு சின்ன ஏற்ற இறக்கத்தால் உள்ளே போய்த் திரும்பும் நீர்தான் முகத்துவாரத்து மணலை அரித்து வெளியே தள்ளுகிறது. உள்ளே நீர் பரவும் பரப்பைப் பாதை துண்டித்தால் அந்த நீரின் அளவு குறையும், வேகம் குறையும். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலோ ஓய்வதில்லை. முகத்துவாரத்தில் திட்டு ஏறிவிடும். ஐப்பசி கார்த்திகையில், இதே ஆற்றின் மேல்பக்கத்திலுள்ள பூண்டி ஏரி நிரம்பித் திறக்கும் வெள்ளமும் இதே வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். எனவே பாதை போட்டவர் ஒரு கோபுரத்துக்காகப் போட்டிருந்தாலும், பாதிப்பு ஆற்றின் மேல்பக்கத்து ஊர்கள்வரை போகும்.

செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. கழிவெளியில் ரிக்கை மிதவையில் ஏற்றிக் கொண்டுபோகலாம். சேற்றுநிலத்தில் மரப்பலகைப் பாய் விரித்து அதன்மேல் வண்டியை ஓட்டலாம். மலையில், பாதையின் குறுக்கே அடிக்கடி சிறு மேடு வைத்து நீரை ஓடைக்கு விடாமல் காட்டுக்குள் திருப்பலாம். மேல்மண்ணைத் தனியாகக் குவித்துவைத்து, வேலை முடிந்ததும் இறுகிய அடுக்கைக் கீறிவிட்டுத் திரும்பப் பரப்பலாம். மழைக்காலத்தில் வண்டியே விடாமலிருப்பது எல்லாவற்றிலும் மலிவானது.

பாதையை அகற்றும்போது கண்ணுக்குத் தெரியும் மண்ணை மட்டும் வாரிக்கொண்டு போவதில் ஒரு வில்லங்கம் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே அரை அடி உயரம் மிச்சமிருந்தாலும், ஓதம் வடியும்போது அது தடுப்பணை வேலை பார்க்கும். அதனால் "பாதையை அகற்ற வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது. பாதை போடுமுன் அளந்த பழைய தரைமட்டம் எத்தனை மீட்டர் என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும். அகற்றிய பிறகு அளவுகோலை இறக்கி, அந்த எண் வருகிறதா என்று பார்த்த பின்புதான் பில் பாஸாக வேண்டும்.