நீடாமங்கலம் ரயில்வே கேட்டும் தாத்தாவின் அம்பாசடரும்

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கத்திரி வெயிலில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தால் தாத்தாவின் அம்பாசடர் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அங்கே முனி இருக்கு என்பார் பாட்டி. அப்புறம் அப்பா வாங்கிய மாருதி 800 அதே கேட்டில் எத்தனையோ தடவை நின்று கிளம்பியிருக்கிறது. முனி எங்கே போச்சு?"

முனி இருந்தது பானெட்டுக்குள். அம்பாசடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. மாருதி 800 1983-ல் வந்தபோது அதிலும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்தான், அதற்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது 2000 வாக்கில். அப்பா வாங்கியது இந்தப் பிந்தைய வண்டியாகத்தான் இருக்கும். சிசி, மைலேஜ் எல்லாம் கிடக்கட்டும், பம்ப் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அம்பாசடரில் டேங்க் பின்னால், பம்ப் முன்னால், எஞ்சின் மேலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். உள்ளே ஒரு டயஃப்ரம், அதாவது வளையும் சவ்வு, எஞ்சின் சுற்றச் சுற்ற ஏறி இறங்கி அத்தனை தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். பெட்ரோலோ ஒற்றைப் பொருள் இல்லை, பலதும் கலந்தது. அதில் இருக்கும் பென்டேன் சாதாரண அழுத்தத்திலேயே 36 டிகிரியில் கொதித்துவிடும், நம் ஊர் வெயிலே போதும். வண்டி ஓடும்வரை ஃபேன் காற்றும், டேங்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும் புதுப் பெட்ரோலும் பம்பைக் கொஞ்சம் குளிர வைக்கும். கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருக்கையில் எஞ்சினை அணைத்தால் இரண்டும் நின்றுவிடும், எஞ்சின் சூடு முழுக்கப் பம்புக்குள் இறங்கும், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். திரவத்தைத் தள்ளுவதற்குச் செய்த டயஃப்ரம் ஆவியை என்ன செய்யும்? அது அமுங்கும், விரியும், அவ்வளவுதான், நகராது. கார்புரேட்டர் காய்ந்து கிடக்கும், செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேப்பர் லாக் என்பது இதுதான்.

மாருதியில் மின்சார பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. அது உறிஞ்சுவதில்லை, தள்ளுகிறது, அதுவும் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருப்பதுபோல அந்தக் குழாயில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது.

பாட்டி எலுமிச்சம்பழம் நசுக்கி, திருஷ்டி சுற்றி முடித்தபின் வண்டி கிளம்பியிருந்தால் அதுவும் ஆச்சரியமில்லை. அதற்குள் பம்ப் ஆறியிருக்கும், பேர் மட்டும் முனிக்கு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சூடம் கொளுத்துவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதற்கு எந்தச் சாமியும் பொறுப்பேற்காது.

பழைய டிரைவர்கள் இதற்குப் பம்பின்மேல் சுற்ற ஈரத்துணி வைத்திருந்தார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,260 ஜூல் வெப்பம் வேண்டும், அதைப் பம்பிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும், பம்ப் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் ஆவி மறுபடி பெட்ரோலாகும். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றின் புழுக்கத்தில்கூட இது வேலை செய்யும், பம்ப் அவ்வளவு சூடாக இருக்கும். தாத்தாவின் வண்டி இன்னும் ஓடுகிறது என்றால் ஒரு பழைய துண்டைப் போட்டு வையுங்கள். நன்றாகப் பிழிந்துவிட்டுச் சுற்றவேண்டும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தண்ணீர் தெறித்தால் ஸ்பார்க்கும் போய்விடும்.