கார் ஆம்ப்ளிஃபையருக்கு 10 ஆம்பியர் பவர் சப்ளை: கிரோபார் இல்லாமல் கட்டாதீர்கள்

கார் ஆம்ப்ளிஃபையரை வீட்டில் ஓட்ட 13.8 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளை வேண்டும். வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்.எம்.723 ஐசி, டிப்41 டிரைவர், பேரலலாக நான்கு 2என்3055 பவர் டிரான்சிஸ்டர்கள்: பழைய சர்க்யூட், நல்ல சர்க்யூட். ஆனால் 2என்3055 போனால் பெரும்பாலும் கலெக்டர்-எமிட்டர் ஷார்ட்டாகித்தான் போகும். அந்த நொடியே கெப்பாசிட்டரில் நிற்கும் 23 வோல்ட்டும் ஆம்ப்ளிஃபையருக்குள் பாய்ந்துவிடும்.

அதைத் தடுப்பது கிரோபார். அவுட்புட்டின் குறுக்கே 25 ஆம்பியர் எஸ்.சி.ஆர். (கேட் என்ற காலில் தூண்டினால் ஆன் ஆகும் எலக்ட்ரானிக் சுவிட்ச்), அதன் கேட்டுக்கு 15 வோல்ட் ஜீனர் (அந்த வோல்டேஜைத் தாண்டினால் கரண்ட் விடும் டயோடு). வோல்டேஜ் 16-ஐ நெருங்கினால் எஸ்.சி.ஆர். ஆன் ஆகி 15 ஆம்பியர் ஃப்யூஸைப் போக்கிவிடும். ஃப்யூஸ் கெப்பாசிட்டருக்கும் கலெக்டருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், எஸ்.சி.ஆருக்கு அப்புறம் போட்டால் பயனில்லை. கேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள், இல்லையென்றால் சின்ன இரைச்சலுக்கே ட்ரிப் ஆகும்.

டிரான்சிஸ்டர்கள் போவதற்கு முக்கியக் காரணம் எமிட்டர் ரெசிஸ்டரை விட்டுவிடுவது. அதிகம் சூடாகும் ஒன்றே மேலும் கரண்ட்டை இழுத்து முதலில் சாகும். ஒவ்வொன்றுக்கும் 0.1 ஓம், 5 வாட் போடுங்கள். முழு லோடில் நான்கும் சேர்ந்து சுமார் 85 வாட் சூட்டைக் கக்கும். சின்ன ஹீட்சிங்க் தாங்காது.

டிரான்ஸ்ஃபார்மரில் பலரும் ஏமாறுகிறார்கள். "18 வோல்ட், 10 ஆம்பியர்" போதாது. கெப்பாசிட்டர் ஏ.சி. அலையின் உச்சியில் மட்டுமே சார்ஜ் ஆவதால், 10 ஆம்பியர் டி.சி.க்கு செகண்டரியில் (டிரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட் சுற்றில்) 16 முதல் 18 ஆம்பியர் ஓடும். 350 வி.ஏ. வாங்குங்கள். 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் நான்கு. லோடு இல்லாமல் மெயின்ஸ் ஏறினால் 30 வோல்ட் வரை போகும், ஆகவே 35 வோல்ட் ரகம் வேண்டாம்.

கரண்ட் லிமிட்டை 13 ஆம்பியரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். ஸ்பீக்கர் பக்கமல்ல, சப்ளை வயரே ஷார்ட்டானால் 22 வோல்ட்டும் டிரான்சிஸ்டர்கள் மேல் விழும்: சுமார் 286 வாட். 15 ஆம்பியர் ஃப்யூஸ் போகாது, ஹீட்சிங்க் கொதிக்கும். சூடு ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் 85 டிகிரி தெர்மல் சுவிட்சை ஹீட்சிங்கில் திருகி, டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியோடு (மெயின்ஸ் பக்கச் சுற்று) சீரிஸில் கொடுங்கள்.

முதல் தடவை மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அவுட்புட்டில் லோடு இல்லாமல் பாருங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, 55 வாட் கார் ஹெட்லைட் பல்புகள் இரண்டை ஒவ்வொன்றாக இணைத்து அரை மணி ஓட்டுங்கள். 13.8 அசையக் கூடாது. ஆம்ப்ளிஃபையர் அதற்கப்புறம்.